பிரிக்கும் கையே படைக்கும் கை

(தாம்பரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நாம் தூக்கிப் போட்ட பொருள். சோடா மூடி, தண்ணீர் பாட்டில் மூடி, உடைந்த வளையல், பழைய தகரம், கிழிந்த புடவை, படித்து முடித்த நாளிதழ். இவற்றிலிருந்து கலை பிறக்குமா? பிறக்கும் என்றால் எப்படிப் பிறக்கும்? அந்தக் கலையால் தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் சேலையூருக்கும் மேடவாக்கத்துக்கும் என்ன ஆதாயம்? இந்த மூன்று கேள்விகளோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிக்கத் தெரிந்த கைக்குத்தான் படைக்கத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே கவரில் திணித்து வாசலில் வைக்கிற கைக்கு அது வெறும் குப்பை. இது இன்னது, இது எதனால் ஆனது, இது எங்கிருந்து வந்தது என்று எடுத்துப் பார்க்கிற கைக்கு அதுவே சரக்கு. இனி நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றுக்கான சான்றுகள்தான்.

முதலில் இந்தச் சோடா மூடியைப் பாருங்கள். ஓரம் முழுக்க நெளி நெளியாக மடிந்திருக்கிறது அல்லவா? பிள்ளைகளே, ஒன்று கிடைத்தால் எண்ணிப் பாருங்கள்; 21 வரும். இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் இருந்த வில்லியம் பெயின்டர். 1892-இல் காப்புரிமை வாங்கினார். அவர் காலத்து மூடிக்கு 24 நெளி. அதற்கு முன்பு சோடாவை எப்படி அடைத்தார்கள்? நமக்கெல்லாம் தெரிந்த கோலி சோடா! 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த பாட்டில் அது. அதற்குத் தனியாக மூடி கிடையாது. உள்ளே உருளும் கோலிதான் மூடி. குடித்து முடித்தால் பாட்டில் கடைக்கே திரும்பும், கோலியும் கூடவே திரும்பும். தெருவில் விழுவதற்கு எதுவும் இல்லை.

பெயின்டரின் மூடி அந்தக் கணக்கை மாற்றியது. ஒருமுறை திறந்தால் அதன் வேலை முடிந்தது. அவருடைய கம்பெனியில் விற்பனையாளராக இருந்த கிங் ஜில்லெட் என்பவர்தான் பிறகு, தேய்ந்ததும் எறிந்துவிடும் சவர பிளேடைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஒருமுறை பயன்படுத்து, தூக்கி எறி என்ற வழக்கத்துக்கு ஒரு பிறந்த வீடு உண்டென்றால், அதன் வாசலில் இந்த மூடி கிடக்கும்.

இப்போது இதைப் பாருங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். சோடா மூடியின் மேல் வைக்கிறேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஏன்? இது இரும்புத் தகடு. துருப்பிடிக்காமல் மேலே பூச்சு பூசியிருக்கிறார்கள். அடுத்து, மதுப் புட்டியின் திருகு மூடி. காந்தம் இதைச் சீண்டவே இல்லை. இது அலுமினியம். மூன்றாவது, தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி. இதற்கு ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். மூடியைப் போட்டால் மிதக்கும். அதே பாட்டிலை ஒரு துண்டு வெட்டிப் போட்டால் மூழ்கும். ஒரே பாட்டிலின் உடம்பும் தலையும் வேறு வேறு பிளாஸ்டிக்! இரண்டையும் சேர்த்து உருக்கினால் இரண்டுமே கெடும். ஒரு காந்தம், ஒரு வாளித் தண்ணீர். இவ்வளவுதான் நம் ஆய்வுக்கூடம்.

இரும்பு மூடி விறைப்பாக நிற்கும், அடித்தால் தட்டையாகும். அலுமினியம் கைக்கு வளையும், கத்தரிக்கோலுக்கு வசப்படும், ஊசித்துளை போட்டால் தைக்கவும் வரும். பிளாஸ்டிக் மூடி வெயிலிலும் மழையிலும் பல காலம் நிறத்தோடு கிடக்கும். எது எதற்கு ஆகும் என்பது பிரித்த பிறகுதான் தெரிகிறது. பிரித்த நொடியிலேயே பாதிக் கலைஞன் பிறந்துவிடுகிறான்!

இது நமக்குப் புதிய பாடமா? இல்லவே இல்லை. இங்கே இருக்கும் பெரியவர்களைக் கேட்கிறேன். சோடா மூடியைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, நடுவில் ஆணியால் இரண்டு துளை போட்டு, நூல் கோத்து, முறுக்கி, இரண்டு கையாலும் இழுத்து விட்டு விர்ரென்று சுற்றவிட்டதில்லையா? சுத்தியல் கிடைக்காத பிள்ளைகள் தண்டவாளத்தில் வைத்துவிட்டு ரயிலுக்குக் காத்திருந்ததும் உண்டு. பிள்ளைகளே, அதை மட்டும் நீங்கள் செய்யக்கூடாது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. அந்தத் தடத்தை ஒட்டி வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. கடையில் வாங்காத பொம்மையோடு வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு.

நம் பாட்டிமார்களைக் கேளுங்கள். பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி, அந்தக் கூழை முறத்திலும் கூடையிலும் பூசிக் காயவைப்பார்கள். மூங்கிலின் சந்து அடைபடும், மாவு சிந்தாது, கூடையின் ஆயுளும் கூடும். பழைய புடவை மெத்தை விரிப்பாகும், பிறகு மிதியடியாகும், பிறகு கைப்பிடித் துணியாகும். தெருவில் பழைய சாமானுக்குப் பழம் தரும் பேரீச்சம்பழக்காரர் குரல் கேட்டால் ஓட்டைக் குடமும் உடைந்த பூட்டும் வெளியே வரும். பழைய பேப்பர் கடையும் காயலான் கடையும் இன்றும் நம் தெருக்களில் இருக்கின்றன. அங்கே போய்ப் பாருங்கள்: இரும்பு ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். பிரிக்கும் கலையை நமக்கு விடாமல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும் பள்ளிக்கூடங்கள் அவை. பாடம் வாங்கத்தான் நாம் போகவில்லை.

போகாததால் என்ன ஆயிற்று? கன்னடபாளையத்தில் குப்பை மலையாகக் குவிந்தது. சிட்லபாக்கத்தில் ஏரிக்கரையிலேயே குவிந்தது. கிழக்கே பெருங்குடிக் கிடங்கு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பைத் தின்றது. அந்தச் சதுப்பு நிலம் எப்படிப்பட்டது? 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். பூநாரைகள் வந்து இறங்கும் நீர்நிலை. அதன் ஓரத்தில் நம் வீட்டுக் கவர்கள்.

2015 டிசம்பர் முதல் நாளை இந்த ஊரில் யார் மறப்பார்கள்? ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்றன. அப்படியொரு மழைக்குக் குப்பை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். ஏரியின் நிலையும் ஆற்றின் நிலையும் நாம் வீடு கட்டிய இடங்களும் சேர்ந்த கதை அது. ஆனால் சாதாரண மழைக்கே வடிகால் வாயில் வந்து அடைப்பது எது என்று பாருங்கள். மிதக்கிற பொருள் முதலில் வரும். இந்த வாளியில் மிதக்கிறதே மூடி, இது வரும். ஐரோப்பிய நாடுகளில் 2024 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலின் மூடி பாட்டிலோடு பிணைந்தே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கடற்கரைகளில் மூடி அவ்வளவு ஒதுங்குகிறது. நம் மாநிலத்திலும் ஒரு நல்ல முயற்சி நடக்கிறது: 2022-இல் நீலகிரியில் தொடங்கிய திட்டம், காலி மதுப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய். புட்டி திரும்பி வருகிறது. மூடிக்கு யார் பத்து ரூபாய் கொடுப்பார்? அதற்கு ஒரு மதிப்பை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

உண்டாக்கிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். சண்டிகருக்கு வாருங்கள். நாடு பிரிந்தபோது இன்றைய பாகிஸ்தான் பகுதியிலிருந்து அகதியாக வந்தவர் நேக் சந்த். சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வரைந்த புதிய நகரம் எழுகிறது. அதற்காகப் பழைய கிராமங்கள் இடிபடுகின்றன. இடிந்த வீட்டில் என்ன மிஞ்சும்? உடைந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டு. பகலில் அரசு வேலை. வேலை முடிந்ததும் சைக்கிளில் அவற்றை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் போவார். 1950-களின் கடைசியில் தொடங்கினார். அது யாரும் எதுவும் கட்டக்கூடாத அரசு வனம். ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் வெளியுலகத்துக்குத் தெரியாமலே ஒரு சிற்ப உலகத்தை அங்கே எழுப்பினார்!

1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிக்கவில்லை. 1976-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளமும் உதவிக்குத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1984-இல் பத்மஸ்ரீ. அதுதான் சண்டிகர் ராக் கார்டன். உள்ளே போனால் எதைப் பார்க்கிறோம்? உடல் முழுவதும் வளையல் துண்டு பதித்த பெண் உருவங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் பீங்கான் பதித்த உருவங்கள். மின்சார பிளக் பாயின்ட்டுகளை மட்டுமே அடுக்கிய ஒரு சுவர். எல்லாவற்றையும் கலந்து அப்பியிருந்தால் அது இடிபாட்டுக் குவியலாகவே இருந்திருக்கும். இனம் பிரித்ததால் வளையல் உடையாயிற்று, பீங்கான் தோலாயிற்று. ஓர் ஊர் இடிந்த வலியையும் அந்த மனிதர் அங்கே பத்திரப்படுத்திவிட்டார். இடிந்த வீடுகளின் அடுப்படிப் பீங்கான் இன்றும் அங்கே வெயிலில் மின்னுகிறது!

இனி ஆப்பிரிக்காவுக்குப் போவோம். கானாவில் பிறந்தவர் எல் அனட்சூயி. நைஜீரியாவின் என்சுக்கா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சிற்பப் பேராசிரியராக இருந்தார். 1990-களின் இறுதியில் ஒரு நாள், வழியில் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு மூட்டை அவர் கண்ணில் படுகிறது. உள்ளே மதுப் புட்டிகளின் அலுமினிய மூடிகள். நாம் என்ன செய்திருப்போம்? அவர் பட்டறைக்கு எடுத்துப்போனார். யோசித்தார். பிறகு பிரித்தார்.

எப்படிப் பிரித்தார் என்பதுதான் முக்கியம். மூடியின் மேல்வட்டம் தனி. பக்கவாட்டுத் தகடு தனி. அதை விரித்தால் நாடா. கழுத்து வளையம் தனி. பிறகு நிறம் பார்த்துத் தனி: தங்க நிறம், சிவப்பு, கறுப்பு, வெள்ளி. ஒவ்வொன்றிலும் துளையிட்டு, மெல்லிய செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்தார். இளைஞர்கள் பலர் வட்டமாக உட்கார்ந்து கை கைக்கு முடிந்தார்கள். சுவர் முழுவதும் தொங்கும் ஒரு மாபெரும் சேலை வந்தது! ஆம், உலோகத்தில் சேலை. அதில் மடிப்பு விழுகிறது, சரிகை மின்னுகிறது. ஒவ்வோர் ஊரில் மாட்டும்போதும் வேறு வேறு விதமாக மடித்து மாட்டலாம்.

ஏன் மது மூடி? ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கரைக்கு மதுவைக் கொண்டுவந்தார்கள்; மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். அந்த வணிகத்தின் வரலாறு ஒவ்வொரு மூடியிலும் இருக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொன்னேனே, அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். 2015-இல் வெனிஸ் கலை விழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது அவருக்குக் கிடைத்தது. 2023-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பெருமண்டபத்தை அவருடைய மூடித் திரைகள் நிறைத்தன.

தாய்லாந்தின் சிசாகெட் மாகாணத்தில் பௌத்த பிக்குகள் 1984-இல் காலி பாட்டில்களைச் சேகரிக்கத் தொடங்கி, பாட்டில்களாலேயே ஒரு கோயில் கட்டினார்கள். பச்சைப் புட்டியும் பழுப்புப் புட்டியும்தான் சுவர். மூடிகளை வீணாக்கினார்களா? இல்லை. அவற்றைப் பதித்துப் புத்தரின் உருவங்களைச் செய்தார்கள். குடித்துவிட்டு எறிந்த மூடி, கும்பிடும் இடத்துக்கு வந்து சேர்ந்தது!

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்காதீர்கள். இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஓவியர்களும் சிற்பிகளும் மணல்வெளியில் உருவாக்கிய ஊர் அது. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்த வருமானத்தில் தங்கள் கலையை வளர்த்தார்கள். அங்கிருந்த பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டித் தட்டித் தெய்வ உருவங்களை எழுப்பினார். மெல்லிய தகட்டில் என்னென்ன செய்யலாம் என்பதை நம் கடற்கரை அன்றே கண்டது. அந்தச் சுத்தியல் ஓசைக்கு வாரிசு வேண்டும். முன்வரிசையில் இருக்கும் இந்தப் பிள்ளைகளில் இருந்தே வரட்டும்!

ஆசிரியர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். 1970-களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணமும் கனசதுரமும் செய்து காட்டினார். முக்கோணம் அசையாது, சதுரம் நெளியும். ஏன் என்று பிள்ளை தானே கேட்கும். பாலத்தில் ஏன் முக்கோணம் இருக்கிறது என்பது அங்கே புரிந்துவிடும். பழைய பொருளில் பொம்மை, பொம்மையில் விஞ்ஞானம். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போது சற்றுக் கடினமாகப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிகளில் ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ என்று போட்டி வைக்கிறோம். முதல் நாள் இரவு என்ன நடக்கிறது? அப்பா கடைக்கு ஓடுகிறார். புது தெர்மாகோல், புது சார்ட், மினுமினுப்புத் தூள், க்ளூ கன். மூடி போதவில்லை என்று புது பாட்டில் வாங்கித் தண்ணீரைக் கொட்டுகிற வீடும் உண்டு. எல்லாவற்றையும் பசையால் ஒட்டிவிடுகிறோம். மறுநாள் பரிசு. அடுத்த வாரம் அது தொட்டியில். இரும்பும் பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் பிரிக்கவே முடியாதபடி ஒட்டிக் கிடக்கும். காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார். பிரிந்து கிடந்த நல்ல பொருளைப் பிரிக்க முடியாத குப்பையாக்கிவிட்டோமே, இதுவா நாம் பிள்ளைக்குச் சொல்லித்தரும் பாடம்?

அதனால் மூன்று விதி சொல்கிறேன். கலைக்காகப் புதிதாக எதையும் வாங்காதே: இது முதல் விதி. பசையைக் குறை, துளையும் கம்பியும் கொண்டு கோர்: இது இரண்டாம் விதி. கம்பியை அவிழ்த்தால் ஒவ்வொன்றும் தன் இனத்தோடு மறுபடி சேர வேண்டும். கழுவு, ஓரத்தை அரத்தால் தேய்த்து மழுக்கு, பிளாஸ்டிக்கை நெருப்பில் காட்டாதே: இது மூன்றாம் விதி. அந்தப் புகை நஞ்சு.

இன்னொன்றும் நேராகச் சொல்கிறேன். கலை நம் குப்பையைத் தின்று தீர்க்காது. எவ்வளவு பெரிய சுவரை மூடியால் நிறைத்தாலும், அதைவிட அதிகமாக இந்த ஊர் தினமும் கழிக்கிறது. பிறகு எதற்குக் கலை? கண்ணுக்குப் பழக்கம் வருவதற்கு! மூடியின் நிறத்தைத் தேடிச் சேர்க்கிற பிள்ளை, ஒரு மாதம் கழித்து வீட்டுத் தொட்டியைப் பார்க்கிற பார்வையே வேறு. இது ஏன் இங்கே விழுந்தது, இதை வாங்காமலே இருந்திருக்கலாமே என்று அம்மாவைக் கேட்கும். 2019 ஜனவரி முதல் நாள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு இந்த மாநிலம் தடை போட்டது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. அரசு ஆணை கடை வரைக்கும் வரும். சமையலறைக்குள் வருவது அந்தப் பிள்ளையின் கேள்வி.

நம்மிடம் முன்னோடிகளும் உண்டு. பக்கத்தில் பம்மலில் பெண்கள் 1990-களிலேயே எக்ஸ்னோரா இயக்கத்தின் வழியாகத் தெருவில் இறங்கினார்கள். வீடு வீடாகக் கேட்டு, பிரித்து வாங்கி, மக்கும் குப்பையை மண்புழு உரமாக்கினார்கள். இன்று அந்தப் பம்மலும் பல்லாவரமும் அனகாபுத்தூரும் செம்பாக்கமும் தாம்பரத்தோடு சேர்ந்து, 2021-இலிருந்து நாம் ஒரே மாநகராட்சி. ஒரு மாநகராட்சிக்கு ஒரு பெருமிதம் வேண்டாமா?

அதற்கு வழி சொல்கிறேன். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அலமாரி வையுங்கள். அதில் மூன்று டப்பா: காந்தம் ஒட்டும் மூடிக்கு ஒன்று, ஒட்டாத உலோக மூடிக்கு ஒன்று, மிதக்கும் மூடிக்கு ஒன்று. பிளாஸ்டிக் மூடியை நிறவாரியாகக் கோத்து மாலையாக்கி மாட்டுங்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு சுவர் கேளுங்கள். என்ன வரையலாம்? பள்ளிக்கரணைப் பூநாரையை வரையலாம், ஏரியை வரையலாம், மின்சார ரயிலை வரையலாம். அந்தச் சுவரின் அடியில் வரைந்த பிள்ளைகளின் பெயரோடு, மூடிகளைப் பிரித்துக் கொடுத்த தூய்மைப் பணியாளர்களின் பெயரையும் எழுதுங்கள். நாம் கலந்து கொட்டியதைத் தினமும் வெறுங்கையால் பிரிக்கிறவர்கள் அவர்கள். நேக் சந்தும் அனட்சூயியும் செய்த முதல் வேலையைத்தான் அவர்களும் செய்கிறார்கள். உலகம் அந்த இரு கலைஞர்களுக்கும் விருது கொடுத்தது. தூய்மைப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சம் பிரித்த குப்பையையாவது நாம் கொடுக்க வேண்டாமா?

எப்போது தொடங்கலாம்? நாள் நம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. போகி! பழையன கழிக்கும் நாள். அன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரித்து நாம் எழுப்பிய புகையால் 2018-இல் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. நம் வீட்டுக் கூரைக்கு மேல் பறக்கிற விமானங்கள் அவை! வரும் போகிக்கு நெருப்பு வேண்டாம். வாசலில் பாய் விரியுங்கள். வீட்டிலுள்ள பழைய பொருளை எல்லாம் கொட்டி, குடும்பமாக உட்கார்ந்து பிரியுங்கள். தாத்தா இரும்பை எடுக்கட்டும், பாட்டி துணியை எடுக்கட்டும், பிள்ளைகள் மூடியை எடுக்கட்டும். காயலான் கடைக்குப் போவது போகட்டும், அலமாரிக்கு வருவது வரட்டும். அன்றைக்குத் தெருவுக்கு ஒரு வீடு பாய் விரித்தால், அடுத்த ஆண்டு தெருவே விரிக்கும்.

அந்த முதல் வீடு யாருடையது? கை தூக்குங்கள், பார்க்கிறேன்.